சுவருக்கு இந்தப் பக்கம்

கரோலா வான் டோங்கன் என்ற பெயரை வில்மா கிரேக்க எழுத்தில் வாசிப்பாள், ரஷ்ய எழுத்தில் வாசிப்பாள், வலமிருந்து இடமாக ஓடும் எழுத்திலும் வாசிப்பாள். அந்த மொழிகளில் ஒரு கோப்பை காபி கேட்கக்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் மேலேறும்போது, எண்ணம் யாருடையது என்று சொல்லும் அந்த ஒற்றை வரி வந்ததும் அவள் கண் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். தன் பெயர் எங்கே வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் பிறகு, சாப்பாடு போட்டவர்களுக்கு முன்னால், பொடி எழுத்தில் வரும். சில நாடுகளில் அதுவும் வராது.

நெதர்லாந்தின் ஹில்வர்சத்தில் இது ஊரறிந்த தொழில். மற்ற ஊர்கள் சீஸ் விற்கும், பூ விற்கும். இந்த ஊர் விளையாட்டு விற்கும். யார் எங்கே நிற்பது, மணி எப்போது அடிப்பது, தோற்றவன் எந்த வாசல் வழியாக வெளியே போவது என்று ஒரு தடித்த கையேட்டில் எழுதி, உலகத்துத் தொலைக்காட்சிகளுக்கெல்லாம் விற்பார்கள். அந்தக் கையேட்டுக்குத் தொழிலில் பைபிள் என்று பெயர். வாங்கிய நாட்டில் அதன்படி நடக்கிறதா என்று பார்த்துவர ஓர் ஆளையும் கூடவே அனுப்புவார்கள். வில்மா தெர்ப்ஸ்ட்ரா அப்படிப் போகிற ஆள். அவள் காவல் காத்த விளையாட்டின் பெயர் 'சுவருக்கு அப்பால்'.

அது பிறந்த கதை இப்படி. வில்மாவும் கரோலாவும் ஒரே ஆண்டில் ஒரு சின்னத் தயாரிப்பு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். ஒரே அறை, ஒரே சம்பளம், மதியம் ஒரே மேசை. ஒரு நாள் கேன்டீனில் வில்மா தன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் டி.வி.யில செய்தி கேக்க முடியலடி. பக்கத்து வீட்டு ரூலோஃப், சட்டைக்கு இஸ்திரி போடறப்பல்லாம் பாடறார்."

"சுவத்தத் தட்ட வேண்டியதுதானே?"

"அங்கதான் கஷ்டமே. நல்லாப் பாடித் தொலைக்கிறார். நான் டி.வி. சத்தத்தக் குறைச்சுட்டு சுவத்துல காத வச்சுட்டு நிக்கறேன். வெளிய பாத்தா குப்பைத்தொட்டியத் தள்ளிட்டுப் போற மனுஷன். தான் பாடறது அடுத்த வீட்டுல கேக்குதுன்னே அவருக்குத் தெரியாது."

கரோலாவின் கையிலிருந்த க்ரொக்கெட், பொரித்த இறைச்சி உருண்டை, வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வில்மா அதைக் கவனித்தாள். தொட்டுக்கொண்ட கடுகு விழுது அதிகமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே முதலாளியின் மேசையில் கரோலா எழுதிய திட்டம் இருந்தது. நன்றாகப் பாடுகிற ஒருவரை, அவருக்கே தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் போட்டிக்கு அனுப்புகிறார். மேடைக்கு நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் பாடுபவர். தன்னை அனுப்பியது யார் என்று அவருக்குத் தெரியாது. மறுபக்கம் நாற்காலியில் பக்கத்து வீட்டுக்காரர், வாயைத் திறக்காமல். பார்வையாளர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். பாட்டு முடிந்ததும் சுவர் மேலே எழும்பும், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். யார் அடுத்த சுற்றுக்குப் போவது என்று பார்வையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். அவ்வளவுதான். பைபிளை எழுதும் வேலையை வில்மாவிடம் கொடுத்தார்கள். அவள்தான் உட்கார்ந்து ஒவ்வொரு விதியாக எழுதினாள். அதில் முதல் விதி: பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறந்தால் ஆட்டம் போச்சு.

முதல் சனிக்கிழமையே நாட்டில் பாதிப் பேர் பார்த்தார்கள். ஞாயிறு காலை ரேட்டிங் வந்தபோது முதலாளி அலுவலகத்துக்கு ஓடி வந்து கரோலாவைத் தூக்கிச் சுற்றினார். வில்மாவும் கை தட்டினாள். அப்போது அது உண்மையான கைத்தட்டல்தான். பிறகு பெல்ஜியம் வாங்கியது, டென்மார்க் வாங்கியது, பிரேசில் வாங்கியது. வாங்க வாங்க, வில்மாவுக்குள் ஏதோ புளிக்கத் தொடங்கியது.

பாவம், ரூலோஃபையும் முதல் பருவத்தில் மேடையேற்றினார்கள். முதல் சுற்றிலேயே தோற்றார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் இஸ்திரிப்பெட்டியின் மூச்சு மட்டும்தான் கேட்டது. "யாரோ கேக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சே, இனிமே வராது" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கரோலா பதவியில் உயர்ந்தாள். பணக்காரர்கள் வாழும் லாரனில் மரங்களுக்கு நடுவே வீடு வாங்கினாள். தொலைக்காட்சி வார இதழில் அவள் பேட்டி வந்தது, நடுப்பக்கத்தில், வண்ணப்படத்தோடு. வில்மா அதைக் கணவன் கெர்பனுக்கு உரக்க வாசித்துக் காட்டினாள்.

"கேளு. 'எனக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். துணி மடிக்கும்போது பாடுவார்.' துணி மடிக்கறாராம்! இவளுக்கு ஏது பக்கத்து வீடு? அப்பவே தனி வீட்டுலதான் இருந்தா. அவ சுவத்துக்கு அந்தப் பக்கம் பசு மாடு நின்னுச்சு!"

கெர்பன் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். நாளெல்லாம் பிறர் சொல்லும் சாக்குகளைக் கேட்டுப் பழகியவர். காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "திட்டம் எழுதினப்ப உன் பேரையும் போடவான்னு அவ கேட்டா இல்ல?"

"அது..."

"நீதான் சொன்ன. 'பைத்தியமா, நான் என்ன செஞ்சேன், புலம்பினேன், அவ்வளவுதானே'ன்னு. வீட்டுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்ன? இது ரெண்டு வாரம் தாங்காது, என் பேர் வேற எதுக்கு நாறணும்னு."

வில்மா இதழை மடித்து வைத்தாள். கெர்பன் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் அன்று இரவுச் சாப்பாட்டில் அவரோடு அவள் பேசவில்லை.

பொறாமை வெளியே தெரிகிற நோயாக இருந்தால் ஒருவேளை மருந்து கிடைத்திருக்கும். வில்மாவுடையது ஒழுங்கான பொறாமை. கரோலாவுக்கு வாழ்த்து அட்டை எழுதும், பூ வாங்கும், சிரிக்கும். கரோலா விடாமல் மதியச் சாப்பாட்டுக்கு வில்மாவின் மேசைக்கே தட்டை எடுத்துக்கொண்டு வருவாள். இயக்குநர்களோடு உட்கார வேண்டியவள், இங்கே வந்து ரொட்டியைப் பிய்த்தபடி, "அப்புறம்? வீட்டுல என்ன விசேஷம்? கெர்பன் ரயில்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். தன் உயரத்தைக் காட்டத்தான் இவள் கீழே இறங்கி வருகிறாள் என்று வில்மா பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வாள்.

கரோலாவின் பிறந்தநாள்கள்தான் இன்னும் கொடுமை. லாரன் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே நுழைகிறவர் பிறந்தநாள்காரியை மட்டுமா வாழ்த்துவார்? அந்த நாட்டு வழக்கப்படி வட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துவார். அந்த ஆண்டு வந்தவர்கள் எல்லாரும் வில்மாவின் கையையும் குலுக்கினார்கள். "வாழ்த்துகள் வில்மா, உங்க கரோலாவுக்காக!" "உங்க கரோலாவுக்காக வாழ்த்துகள்!" ஆளுக்கு ஒரு துண்டு கேக். கரோலாவின் அம்மா அவள் பக்கம் குனிந்து, "எம் பொண்ணோட நிகழ்ச்சிக்காக நீ ஊர் ஊராப் போறியாமே. உனக்கு நல்லதாப் போச்சு, நாலு இடம் பாக்கலாம்" என்றாள். வில்மா வாயிலிருந்த கேக்கை விழுங்க முடியாமல் காபியை ஊற்றி உள்ளே தள்ளினாள்.

இந்த நிலையில்தான் ஜார்ஜியா வாங்கியது. வில்மா அதன் தலைநகர் திபிலிசிக்குப் போனாள்.

அங்கே தயாரிப்பாளர் லமாரா என்ற பெண். கனத்த உடம்பு, கனத்த குரல், விரலிடுக்கில் அணையாத சிகரெட். வில்மாவைக் கண்ட முதல் நாளே கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "பைபிள் படிச்சுட்டேன். அழகாயிருக்கு. யார் எழுதினது?" என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான்தான்."

"உங்க கஷ்டமெல்லாம் எனக்கு வரட்டும்!" என்று அந்த ஊர் வழக்கில் வாழ்த்தி இன்னொரு முத்தம் கொடுத்தாள். இத்தனை நாடுகளில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

சிக்கல் ஒத்திகையில் வந்தது. பாடியது ஒரு பல் மருத்துவர். சுவருக்கு மறுபக்கம், அவர் வீட்டு முற்றத்தையே பகிர்ந்துகொள்ளும் ஒத்தார் என்ற குழாய் ரிப்பேர்க்காரர். பல் மருத்துவர் இரண்டு அடி பாடியிருப்பார். ஒத்தார் நாற்காலியில் நெளிந்தார். தொடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, யாரோ அவர் வயிற்றுக்குள்ளிருந்து இழுத்தது போல, அடியில் ஒரு தாழ்ந்த குரல் எழும்பிப் பாட்டோடு சேர்ந்துகொண்டது. பல் மருத்துவர் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை.

இயக்குநர் கத்தினார். ஒத்தார் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து, சுவருக்கு மறுபக்கம் கேட்காதபடி கிசுகிசுத்தார். "மன்னிச்சுக்கங்க. அவர் தனியாப் பாடறாரே! எங்க ஊர்ல ஒருத்தர் தனியாப் பாடறப்ப வாயை மூடிட்டு இருந்தா அது மரியாதையா?"

அடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அப்படித்தான். அதற்கடுத்தவர் விதியை மதித்து வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். லமாரா வில்மாவிடம் வந்தாள்.

"இவங்கள அடக்க முடியல. பைபிள்ல கூடாதுன்னு இருக்கு. நீங்க சொல்லுங்க. நிறுத்தணும்னா நிறுத்தறேன். வேற ஆளுங்களத் தேடறேன்."

நிறுத்து என்று சொல்லத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். அந்த மௌனம்தான் நிகழ்ச்சியின் உயிர் என்று எல்லா நாட்டிலும் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தழும்பேறியிருந்தது. அவள் மேடையைப் பார்த்தாள். கரோலாவின் நிகழ்ச்சி அங்கே குலைந்துகொண்டிருந்தது. பாடத் தெரிந்தவன் பாடுவான், தெரியாதவனும் கத்துவான், சந்தைக்கடை ஆகிவிடும். ரேட்டிங் விழும். விழுந்த கதை ஹில்வர்சத்துக்கு ஒரே நாளில் வந்துவிடும். 'சுவருக்கு அப்பால்' முதல்முறையாக ஒரு நாட்டில் தோற்றது என்று கேன்டீனில் பேசுவார்கள். அதை நினைத்தபோது அவளுக்குள் ஏதோ குளிர்ந்த நீர் போல இதமாக இறங்கியது.

"உங்க விருப்பம் லமாரா. உங்க நாடு, உங்க ஆளுங்க" என்றாள்.

லமாரா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வில்மா விடுதிக்குப் போய் கரோலாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "இங்க பக்கத்து வீட்டுக்காரங்களப் பாட விடறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்கவே மாட்டேங்கறாங்க." தொலைபேசியை வைத்துவிட்டு உணவறைக்கு இறங்கிப் போனாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ஒளிபரப்பு நாளன்று பல் மருத்துவர் பாடினார், ஒத்தார் சேர்ந்தார். எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து மூன்றாவது குரல் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்தது. பிறகு அரங்கமே பாடியது. சுவர் எழும்பியபோது இரண்டு கனத்த ஆண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கேமராக்காரரும் அழுததால் படம் ஆடியது. வில்மா கட்டுப்பாட்டு அறையின் மூலையில் நின்றிருந்தாள். அழக்கூடாது என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அவளுக்கும் கண் கலங்கியது. அதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது. ரேட்டிங் வந்தபோது, டி.வி. போட்டிருந்த வீடுகளில் முக்கால்வாசி அதைத்தான் பார்த்திருந்தன. எந்த நாட்டிலும் அந்த அளவு வந்ததில்லை. கடைசியில் மேலேறிய வரியில், கொக்கி கொக்கியான எழுத்தில், கரோலாவின் பெயர் இருந்தது.

பிறகு என்ன? வசந்தகாலத்தில் பிரான்ஸின் கான் நகரத்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சிச் சந்தையில் எல்லா நாட்டுக்காரர்களும் 'ஜார்ஜியச் சுவர்' வேண்டும் என்று கேட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள்கூடப் புது விதியோடு மறுபடி வாங்க வந்தார்கள். கரோலா மேடையேறிப் பேசினாள். லமாராவை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எங்க ஆலோசகர் வில்மா அங்க உக்காந்திருக்காங்க. பைபிளக் கையில வச்சுக்கிட்டு கூடாது கூடாதுன்னு எவ்வளவோ தடுத்தாங்க. நல்லவேளை, இவங்க கேக்கல!"

அரங்கம் சிரித்தது. நாலைந்து நாட்டுத் தயாரிப்பாளர்கள் திரும்பி வில்மாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். அவர்கள் நாட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்களை வாய் மூடச் சொல்லி விரட்டியவள் அவள்தானே. வில்மாவும் சிரித்தாள். முகம் காய்ந்த மாவு போல இழுத்தது.

கீழே இறங்கியதும் லமாரா நேராக அவர்களிடம் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கரோலா, தப்பாச் சொல்லிட்டீங்க. வில்மா தடுக்கல. நான் நிறுத்தறேன்னு சொன்னப்ப, 'உங்க விருப்பம்'னு விட்டதே இவங்கதான். இவங்க விட்டதாலதான் இன்னிக்கு நான் இந்த மேடையில நின்னேன். எவ்வளவு பெரிய மனசு! அதச் சொல்ல வேணாமா நீங்க?"

சொல்லிவிட்டு வில்மாவை முத்தமிட்டு, யாரோ கூப்பிடப் போய்விட்டாள்.

கரோலா வில்மாவைப் பார்த்தாள். "கொஞ்சம் நடப்போமா?" என்றாள்.

கடற்கரைச் சாலையில் வெயிலில் கண் கூசியது. கொஞ்ச தூரம் நடந்ததும் கரோலா கேட்டாள்.

"நீ போன்ல என்கிட்ட வேற மாதிரி சொன்னியே."

வில்மாவால் பத்துப் பொய் சொல்லியிருக்க முடியும். ஆனால் லமாராவின் முத்தம் கன்னத்தில் இன்னும் ஈரமாக இருந்தது. "தோத்துப்போகட்டும்னு விட்டேன்" என்றாள். "உன் நிகழ்ச்சி ஒரே ஒரு நாட்டுலயாவது மண்ணைக் கவ்வணும்னு ஆசையா இருந்துச்சு. பெரிய மனசெல்லாம் இல்ல. வயித்தெரிச்சல்."

கரோலா நின்றுவிட்டாள். கத்துவாள் என்று வில்மா காத்திருந்தாள். கரோலா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"நான் எதுக்குத் தினமும் உன் மேசைக்கு வந்து சாப்பிடறேன்னு நினைச்ச?"

"பெருமை அடிச்சுக்க."

"மக்கு! எனக்கு அதுக்கப்புறம் ஒரு யோசனைகூட வரலடி. ஒண்ணுகூட வரல. எல்லாரும் அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு கேக்கறாங்க. நீ என்னமோ வாயத் திறந்து புலம்பினா அதுல ஒரு நிகழ்ச்சி விழுது. அதுக்காகத்தான் வந்து வந்து உக்காந்தேன், பிச்சைக்காரி மாதிரி. நீ என்னடான்னா வெயில், மழை, கெர்பனுக்கு முதுகு வலின்னு பேசற. வேணும்னேதான் சொல்ல மாட்டேங்கறன்னு நான் எத்தனை நாள் உன்ன மனசுக்குள்ள திட்டியிருக்கேன் தெரியுமா?"

வில்மா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கரோலாவின் மேல் இரக்கம் வந்ததா? கொஞ்சம் வந்தது. அதைவிட முதலில் வந்தது மகிழ்ச்சி. அதை அவள் மறைக்கவும் முயலவில்லை.

"ரூலோஃப் என் பக்கத்து வீட்டுக்காரர்" என்றாள்.

"தெரியும்."

"துணி மடிக்கல. இஸ்திரி போட்டார்."

"தெரியும்டி. பேட்டியில எப்படியோ வந்துடுச்சு. ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியல." கரோலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். "புது பைபிள் எழுதப் போறாங்க. உன் பேரப் போடவா?"

இந்த முறை வில்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "போடு. உன் பேர் அளவுக்கே பெருசாப் போடு."

"அதே அளவா? முதலாளி ஒத்துக்க மாட்டார்."

"அப்ப உன் பேரச் சின்னதாக்கு."

கரோலா முதலில் முறைத்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். நடந்துபோன ஒரு பிரெஞ்சுக்காரரின் நாய் அவர்களைப் பார்த்துக் குரைத்தது.

பெயர் வந்தது. கரோலாவுக்குக் கீழே, கொஞ்சம் சிறிதாக வில்மா; அதற்குக் கீழே லமாரா. நோய் அதோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. பத்திரிகைகள் மூன்றாவது வரியைப் பற்றித்தான் எழுதின. சிகரெட்டும் கையுமாக லமாராவின் படம் எல்லா இடத்திலும் வந்தது. வில்மா அதைக் கத்தரித்து வைக்கவில்லை. ஆனால் எந்தெந்த இதழில் வந்தது என்று கேட்டால் சொல்லுவாள்.

இரண்டொரு வருடத்தில் லமாரா சொந்தமாகவே ஒரு போட்டி கண்டுபிடித்தாள். முன்பின் தெரியாத ஒருவரின் விருந்து மேசையில் எழுந்து நின்று, கோப்பையை உயர்த்தி, அந்த வீட்டாரைப் பற்றி அழகாகப் பேச வேண்டும். யார் பேச்சில் வீட்டார் கண் கலங்குகிறதோ அவரே வென்றவர். கானில் வைத்த மறுநாளே அதை வாங்க வரிசை நின்றது.

அந்த வாரம் கரோலா தட்டை எடுத்துக்கொண்டு வில்மாவின் மேசைக்கு வந்தபோது உட்காரும் முன்பே தொடங்கினாள். "கேட்டியா? ஸ்பெயினும் வாங்கிட்டானாம்."

"ஸ்பெயின் பழசு. இன்னிக்குக் காலைல ஜப்பான்."

"ஜப்பானா! அவங்க விருந்துல வாயே திறக்க மாட்டாங்களே!"

"அதான் நல்லா ஓடுமாம். ஒருத்தன் திறந்தா போதுமாம்."

கரோலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்னதான் இருக்கு அதுல? குடிச்சுட்டுப் பேசறது. எங்க மாமா எல்லாக் கல்யாணத்துலயும் பண்றார்."

"உங்க மாமா பண்றப்ப நீ ஏன் கவனிக்கல?"

"நீ ஏன் கவனிக்கல? நீயும் தானே எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த?"

வில்மா தன் தட்டிலிருந்த க்ரொக்கெட்டில் ஒன்றை எடுத்து கரோலாவின் தட்டில் வைத்தாள். அதிகமாக இருந்தது என்பதால்தான். இருவரும் லமாராவைப் பற்றி, அவள் சிகரெட்டைப் பற்றி, கானில் அவள் போட்டிருந்த பச்சைக் கவுனைப் பற்றி, இடைவேளை முடிந்து கேன்டீன்காரர் மேசை துடைக்க வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடங்களில் வில்மா அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டதில்லை.